அடித்துவிட்ட அரைப் பக்கம்

தங்கையோடு ஒரே வகுப்பில் உட்காருவது கேவலம் என்று யாரும் சட்டம் போடவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. பி.எஸ்ஸி. இயற்பியலில் மற்ற தாள்களையெல்லாம் தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டேன். மின்னியக்கவியல் மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. நான் அதில் தோற்றுத் தோற்று நின்ற இடத்துக்கே, எனக்குப் பின்னால் வந்த பாப்பா நடந்து வந்து சேர்ந்துவிட்டாள். இந்த முறைதான் எனக்குக் கடைசி வாய்ப்பு, தேறாவிட்டால் பட்டமே கிடையாது என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பேராசிரியரிடம் கெஞ்சி மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்தேன். பையன்கள் எனக்கு 'சீனியர்' என்று பெயர் வைத்தார்கள். அதில் மரியாதை துளியும் இல்லை.

பாப்பா கெட்டிக்காரி. வீட்டில் அவள் சொல்வது வேதவாக்கு. அப்பாவுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பிழை என்ற சொல் காதில் விழுந்தாலே என் முகத்தைப் பார்ப்பார். என் படிப்பு எப்படிப் போகிறது என்று என்னிடம் கேட்க மாட்டார். அவளிடம்தான் கேட்பார், அதுவும் நான் பக்கத்தில் நிற்கும்போதே.

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். சமையலறை மேசையில் ஒரு பக்கம் அம்மா காய் நறுக்குவாள், மறுபக்கம் நாங்கள். கடைசிப் பாடம், மின்னியக்கவியலும் சார்பியலும் கைகோக்கும் இடம். மின்சாரம் ஓடும் கம்பி ஒன்று. அதற்கு இணையாக, உள்ளே ஓடும் எலக்ட்ரான்களின் வேகத்திலேயே வெளியே ஒரு மின்னூட்டம் ஓடுகிறது. நின்று பார்க்கிறவனுக்குக் கம்பியில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சரிசமம், ஆகவே மின்னூட்டத்தின் மேல் விழுவது காந்தவிசை. கூடவே ஓடிப் பார்க்கிறவனுக்கோ மின்னூட்டம் சும்மா நிற்கிறது. நிற்பதன் மேல் காந்தவிசை செல்லாது. ஆனாலும் விசை இருக்கிறது, ஏனென்றால் அவன் கண்ணுக்குக் கம்பியே மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. விசை ஒன்றுதான், பார்க்கிறவனைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. எனக்கு இது பிடித்துப்போனது. அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பக்கம் ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கூடவே ஓடுகிறவனுக்குக் கம்பியின் நேர் அயனிகள் பின்னால் ஓடுவதாகத் தெரியும், சார்பியல்படி ஓடுவது சுருங்கும், ஆகவே அயனிகள் நெருங்கிவிடும், எலக்ட்ரான்கள் இருந்தபடியே இருக்கும், நேர் மிஞ்சும் என்று பாப்பா விளக்கினாள். கணக்குப் போட்டால் விசை பாதிதான் வந்தது. தோராயக் கணக்கில் ஒரு இரண்டு மடங்கு அங்கே இங்கே போகும் என்றாள்.

எனக்கு எங்கேயோ உறுத்தியது. "நமக்கு எலக்ட்ரான் ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? அப்போ நாம பாக்குறதே சுருங்கின இடைவெளிதான். கூடவே ஓடிப் பாத்தா அது விரியணும்ல?" என்று கேட்டேன்.

"இத்தனை தடவை கோட்டை விட்டும் உனக்குக் கேள்விக்கு மட்டும் குறைச்சல் இல்லண்ணா. சொன்னத எழுது, போதும்."

அம்மா சிரித்துவிட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும்.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. பெரிய கேள்வி, மற்றதில் நான் எழுதியிருந்த லட்சணத்துக்கு, இது சரியாக இருந்தால்தான் தேறுவேன். பேனா தானாக ஓடியது. எலக்ட்ரான்களின் இடைவெளி விரியும் என்று என் போக்கில் அரைப் பக்கம் எழுதிவிட்டேன். கணக்குக்குள் இறங்கும் நேரத்தில் கை நின்றது. நீ எப்போதடா அறிவாளி ஆனாய் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். அரைப் பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, பாப்பா சொன்னதை எழுத்து மாறாமல் எழுதினேன். விசை பாதி வந்தது. பக்கத்தில் 'தோராயமாக' என்று வேறு எழுதி வைத்தேன்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் பாப்பா நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கடினமாக இருந்ததோ என்று நினைத்து, நீ சொல்லிக்கொடுத்த கேள்விதானே வந்தது என்று தேற்றப் போனேன். அதை எப்படி எழுதினாய் என்று கேட்டாள். சொன்னேன். அடித்ததையும் சொன்னேன், அதை ஒரு நகைச்சுவை மாதிரி.

அவள் கண் கலங்கிவிட்டது. "அடிச்சதுதாண்ணா சரி. இடைவெளி விரியத்தான் செய்யும், நேர் இன்னும் மிஞ்சும். அப்பத்தான் விசை முழுசா வரும்."

காலையில் வராந்தாவில் அவளுடைய தோழி இதையே யாருக்கோ விளக்குவதைக் கேட்டிருக்கிறாள். பரீட்சை மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. நான் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"கடைசி நேரத்துல உன்னைக் குழப்ப வேணாம்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இல்ல. நீ அன்னிக்கே சரியாத்தான் கேட்டேன்னு ஒத்துக்க மனசு வரல."

கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்ததெல்லாம் வெட்கம். சரியானதைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்னுடையது என்பதற்காகவே தூக்கிப் போட்டவன் நான். அடித்ததை விடைத்தாள் திருத்துகிறவர் படிக்க மாட்டார். பேருந்தில் இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வந்தோம்.

வீட்டில் அப்பா செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. வழக்கம்போல அவளைத்தான் கேட்டார், இவன் தேறுவானா என்று.

பாப்பா என்னைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துச் சொன்னாள். "கஷ்டம்பா. நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். அண்ணன் சரியாத்தான் யோசிச்சிருந்தான். தப்புன்னு காலையிலேயே எனக்குத் தெரிஞ்சும் அவன்கிட்ட சொல்லல."

அவள் அப்பாவிடம் இப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு நொடி, பட்டம் போனாலும் போகட்டும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கச் சொல்லி, வழியெல்லாம் இவளுக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தியா?"

பாப்பா இல்லப்பா, இல்லப்பா என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தப்பு, நான் சரி என்று நம்ப அவரால் முடியவில்லை. பரீட்சை அறையில் என்னாலேயே முடியவில்லையே.