உருளை இழுத்த கை

பழைய சலவைக்கூடத்தை இடிக்கிறார்கள் என்று சிட்டு போனில் சொன்னாள். மடிப்பக்காவுக்கு உடனே ஒரே ஒரு விஷயம்தான் தெரியவேண்டியிருந்தது.

"அந்த உருளையை என்ன பண்ணாங்களாம்?"

"பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்கக்கா."

"ஒழியட்டும் சனியன். என் தோளைப் பிடுங்கினது அதுதானே."

"தோளைப் பிடுங்கினது அது. அன்னிக்கு என் உயிரை எடுத்தது நீ."

போனை வைத்த பிறகும் அக்காவின் காதில் ஆவி சீறிக்கொண்டிருந்தது. அந்த நாளில் ஆஸ்பத்திரி விரிப்பும் விடுதி விரிப்பும் மலைமலையாக வந்து குவியும். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், காய்ந்து வருவதை மேசையில் மடிப்பவர்கள் மறுபக்கம். அக்கா மேசைக்காரி; மடிப்பக்கா என்று பெயர் வந்தது அதனால்தான். அந்த இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும். பழக்கதோஷத்தில் வீட்டிலும் கத்துவார்கள். புருஷன்மார் சண்டை என்று நினைத்து வெளியே நழுவிவிடுவார்கள்.

யாருக்கு எந்த இடம் என்று மேற்பார்வையாளர் காலையில் சொல்லிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் பெண்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். உடம்புக்கு முடியாதவள் மேசைக்கு, தெம்புள்ளவள் உருளைக்கு. கம்பெனி அதைத் தடை செய்திருந்தது. தடை அதன் பாட்டுக்கு இருந்தது, இவர்கள் இவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

அன்று உருளை, சிட்டுவின் முறை. வயிற்றில் பிள்ளை. தெரிந்தால் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருந்தாள். "தள்ளுடி" என்று அவளை மேசைக்கு விரட்டிவிட்டு அக்கா உருளையில் நின்றாள். ஒரு விரிப்பின் நுனி மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள, உருளை இழுத்தது. தோள் கிழிந்தது.

மேற்பார்வையாளர் ஓடிவந்து கேட்டபோது அக்கா சொன்னாள்: "மேசையில மடிக்கும்போது பிடிச்சுக்கிச்சு."

அந்த ஒரு பொய்யில் நஷ்டஈடு கவிழ்ந்தது. மடித்தால் தசை இப்படிக் கிழியாது என்றார் டாக்டர். அப்படியானால் வீட்டில்தான் நடந்திருக்கும் என்று கம்பெனி கையை விரித்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்தக் கை இனி மேலே எழாது.

நல்லவேளை, சங்கம் போராடி வாங்கிய ஒப்பந்தம் ஒன்று இருந்தது. காயத் தகராறுக்குக் கோர்ட்டு வாசலில் கிடக்க வேண்டாம். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் முன்னால் உட்கார்ந்து பேசினால் போதும். போகும் வழியெல்லாம் சங்கச் செயலாளர் மன்றாடினார்.

"அம்மா, அந்த அறையில பேசறதை வச்சு யார் மேலயும் நடவடிக்கை எடுக்க முடியாது. ஒப்பந்தத்துலயே இருக்கு. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

"அதைத்தான் சொல்றேன் தம்பி. மேசை."

"நீங்களும் கை தூக்கி ஓட்டுப் போட்ட ஒப்பந்தம்மா இது!"

"அப்போ கையைத் தூக்க முடிஞ்சுது."

பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த சிட்டுவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

உள்ளே கம்பெனி அதிகாரி மரியாதையாகவே கேட்டார். "வீட்டுல ஏதாவது பளு தூக்கினீங்களாம்மா?"

"என் வீட்டுல பளுன்னா என் புருஷன்தான். அவரை நான் தூக்கறதில்ல."

நடுவரம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "மேசைன்னே எழுதிக்கட்டுமா? எழுதிட்டா அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அக்கா தன் வலது கையைப் பார்த்தாள். அது மடியில் வேறு யாருடைய கையோபோலக் கிடந்தது.

"எழுதிக்கங்க," என்றாள், சலவைக்கூடத்துக் குரலில்.

கதவு படாரென்று திறந்தது.

"எழுதாதீங்க! இந்தப் பொம்பளை பொய் சொல்றா!"

"சிட்டு, வெளிய போடி."

"போகமாட்டேன். உருளையில நிக்கவேண்டியவ நான். மாசமா இருக்கேன்னு இவதான் என்னைத் தள்ளிவிட்டுட்டு நின்னா."

"லூசு, வாயை மூடு!"

"நீ மூடுக்கா. எனக்காக ஆயுசுக்கும் கை விளங்காம கிடக்கப் போறியா? என் வேலை போனா போகட்டும்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "சார்," என்றார் செயலாளர், மெதுவாக. "நாம இருக்கறது இந்த அறை." அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

ஆபரேஷன் செலவுக்குக் கம்பெனியின் சம்மதம் அன்றே கிடைத்தது. பிரசவம்வரை சிட்டுவுக்கு மேசை வேலை என்றும் முடிவாயிற்று. அடுத்த ஒப்பந்தத்தில் செயலாளர் அதை எல்லாருக்குமான விதியாக்கினார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா பல மாதம் வீட்டில் இருந்தாள். பகலில் வீடு இத்தனை அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது, தெரிந்தபோது பிடிக்கவில்லை. சாயங்காலம் வேலை விட்டதும் சலவைக்கூடத்துப் பெண்கள் வருவார்கள், சோப்பும் ஆவியும் மணக்க. ஒருத்தி தலை வாரிவிடுவாள், இன்னொருத்தி பின்னல் கோணல் என்று பிரித்துப் போடுவாள். சிட்டு கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு எல்லாரையும் அதிகாரம் பண்ணுவாள்.

ஒருநாள் மத்தியானம் கை தலைக்கு மேலே சுலபமாக எழுந்தது. அக்கா சீப்பை எடுத்துத் தானே வாரிப் பார்த்தாள். பிறகு முடியை மறுபடி கலைத்துவிட்டு, அவர்கள் வரும் நேரத்துக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.