கேப்டனின் ஆறு நீல ஜாக்கெட்டுகள்

சின்னவளின் அக்கா புருஷன் படகு வாங்கிய அன்றே, அவருக்கு அத்தான் என்ற பதவி போய்க் கேப்டன் என்ற பட்டம் வந்துவிட்டது. பட்டம் கொடுத்தவரும் அவரேதான். முப்பது வருஷம் குளியலறை ஓடு விற்றவர். தண்ணீரோடு அவருக்கிருந்த ஒட்டும் உறவும் அவ்வளவே. ஆனால் தலையில் தொப்பி ஏறியதும் குரல் தடித்தது, நடை அகன்றது. வீட்டுக் கூடத்தில்கூட, தரை ஆடுகிறாற்போலக் காலைப் பரப்பித்தான் நின்றார்.

லைஃப் ஜாக்கெட் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் பிடித்தது. எடை தாங்குமா, அளவு பொருந்துமா என்றெல்லாம் பார்ப்பது அற்பப் பிறவிகளின் வேலை. கேப்டன் நிறம் பார்த்தார். படகின் ஓரக்கோட்டுக்கு ஏற்ற கருநீலத்தில், துண்டு மாதிரிக் கழுத்தில் தொங்கும் ஒல்லி ஜாக்கெட் ஆறு. கயிற்றை இழுத்தால் உள்ளிருக்கும் சின்ன உருளை திறந்து, வாயு பாய்ந்து உப்பிக்கொள்ளும். அவை கூடத்துக் கண்ணாடி அலமாரியில் தொங்கின. வீட்டுக்கு வந்தவர் யாரும் அவற்றின் மகிமை கேட்காமல் தப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் பயணம். குடியிருப்புச் சங்கத் தலைவரும் அவர் மனைவியும் சிறப்பு விருந்தினர்கள். கொழுந்தியாள், அதாவது வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், தன் ஏழு வயது மகளோடு படகுத்துறைக்கு வந்தாள். தாயும் மகளும் ஆரஞ்சு நிறத்தில், பஞ்சு மெத்தை போன்ற தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார்கள். மகளுக்கு நீச்சல் தெரியாது. கடையிலேயே மகளுக்கு மாட்டி, ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கி, அது காதுக்கு மேல் ஏறவில்லை என்று பார்த்த பிறகே சின்னவள் வாங்கியிருந்தாள்.

"என்ன வேஷம் இது? ரெண்டு பூசணிக்கா நடந்து வருது!" என்றார் கேப்டன். "கழட்டு. போட்டோ கெட்டுடும்."

"போட்டோவுக்கா வந்தோம் அத்தான்?"

"கரையை ஒட்டித்தானே போறோம்?"

"முழுகுறதுக்கு நடுக்கடல் எதுக்கு? கழுத்தளவு தண்ணி போதாதா?"

அக்கா படகிலிருந்து பல்லைக் கடித்தாள். "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதேடி. அதைக் கழட்டிட்டு எங்களை மாதிரி நீலத்தைப் போட்டுக்கிட்டு ஏறு."

"இப்ப ஏறலேன்னா, இனிமே என் வீட்டு வாசப்படியை மிதிக்காதே," என்றார் கேப்டன்.

"வாசப்படியில விழுந்தா எந்திரிச்சுக்கலாம் அத்தான். நான் ஏறமாட்டேன். இவளும் ஏறமாட்டா."

சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். கூட்டம் எங்கே இருந்தாலும் தலைமை தாங்கிவிடுவது அவர் வழக்கம். "நீ வீணா பயப்படுறேம்மா. நானே கண்ணால பாத்தேன். அன்னிக்கு எனக்காக ஒண்ணை இழுத்துக் காட்டினாரே, என்னமா உப்புச்சு!"

"எனக்கும் தனியா ஒண்ணு காட்டினார்," என்றார் அவர் மனைவி, விட்டுக்கொடுக்காமல்.

சின்னவள் காது விடைத்தது. பதினோரு வருஷமாகத் தீயணைப்புக் கருவிகளுக்கு வாயு நிரப்பும் பட்டறையில் வேலை. கையில் எடுத்தாலே உருளை நிறைந்ததா காலியா என்று சொல்லிவிடுவாள்.

"அத்தான், வேற யாருக்கெல்லாம் காட்டினீங்க?"

"அது... பழைய ஆபீஸ் மேனேஜர். பேங்க்காரர். வந்தவங்க கேட்டா காட்டாம இருக்க முடியுமா? காட்டினதும் காத்தை எடுத்து, மடிச்சு, புதுசு மாதிரி வெச்சுட்டேனே!"

"உருளையை மாத்தினீங்களா?"

"எதுக்கு மாத்தணும்?"

சின்னவள் கையை நீட்டி, அக்காவின் ஜாக்கெட்டைப் பிரித்து உருளையைத் திருகி எடுத்தாள். உருளையின் மூக்கில், கயிற்றை இழுத்தால் பாயும் ஊசி குத்திய ஓட்டை. கை எடை சொன்னது, காலி. அடுத்தது. அதுவும் ஓட்டை. ஆறையும் கழற்றிப் படகின் விளிம்பில் வரிசையாக நிறுத்தினாள். சீண்டப்படாதது ஒன்றுகூட இல்லை.

"ஒரு தடவைதான் அத்தான் ஊதும். உங்க விருந்தாளிங்க எல்லாரும் கூடத்துலயே காப்பாத்தப்பட்டுட்டாங்க."

சங்கத் தலைவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு துறைக்குத் தாவினார். அந்த வயதில் அந்தத் தாவல் பெரிய விஷயம்.

"அலையே இல்லை! குளம் மாதிரி இருக்கு!" என்று கேப்டன் கத்தினார். "நீ உக்காருடி!"

இருபத்திரண்டு வருஷமாக 'உக்காரு' என்றால் உட்கார்ந்த அக்கா எழுந்தாள். கழுத்திலிருந்த நீலத் துண்டைக் கழற்றி, அவர் தோளில் ஒழுங்காகப் போட்டு, தங்கையின் கையைப் பற்றிக்கொண்டு இறங்கினாள்.

"நீங்க போயிட்டு வாங்க. போட்டோதானே? இங்கிருந்தே நல்லா எடுக்குறேன்," என்றவள், தங்கையின் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள். "என் அளவுக்குப் பூசணிக்கா கிடைக்குமாடி?"

"கடை பத்து மணிக்குத் திறப்பாங்க அக்கா."

நால்வரும் துறையில் நின்றார்கள், சின்னவளின் மகளைச் சேர்த்தால் ஐவர். கேப்டன் இயந்திரத்தை முடுக்கவில்லை. கட்டிய கயிற்றை அவிழ்க்கவும் இல்லை. காலை மட்டும் பரப்பி வைத்துக்கொண்டார். இந்த முறை தரை உண்மையாகவே ஆடியது.