பன்னிரண்டாம் பெட்டில் படுத்திருந்தவர்

வெள்ளைக் கோட்டின் நடுப் பட்டன் அறுந்து எங்கோ விழுந்துவிட்டது என்பதை, மருத்துவமனை வாசலில் பைக்கை விட்டு இறங்கிய பிறகுதான் அவள் கவனித்தாள். கணவன் தன் டூல் பையைத் துழாவி ஓர் ஊக்கை எடுத்து நீட்டினான். லிஃப்ட் மெக்கானிக்கின் பையில் ஊக்கு எதற்கு என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை.

"இங்க பாரு, உள்ள போயி என்ன வேணும்னாலும் சொல்லு. சொன்னதை மட்டும் மாத்தாதே."

"கிண்டலா?"

"கிண்டல்தான். போன வருஷம் ஒருத்தர் 'நிச்சயமா?'ன்னு கேட்டதுக்கே ஒரு வருஷம் போச்சு. இந்தத் தடவை யாராவது இருமினாக்கூட நீ மாத்திடுவே."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது உண்மைதான். போன வருஷம் வேறொரு மருத்துவமனையில் இதே மாதிரி ஒரு தேர்வு. நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று சரியாகத்தான் சொன்னாள். தேர்வாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நிச்சயமா?" என்றார். அவ்வளவுதான். "இல்ல சார், நிமோனியாவா இருக்கலாம்" என்று அந்தர் பல்டி அடித்தாள். கையில் இருந்த பழத்தைக் கொடுத்துவிட்டுத் தோலை வாங்கிக்கொண்டு வந்த கதை. அதன் பிறகு ஒரு வருஷம் முழுக்க அதே தெருக்கோடி கிளினிக். அதே சளி, அதே காய்ச்சல், ஆபீசுக்கு லீவு போட சர்டிபிகேட் கேட்டு வரும் அதே திடகாத்திரமான நோயாளிகள். அவளுடைய ஸ்டெதஸ்கோப்புக்கே போரடித்துப் போயிருக்கும்.

பொது மருத்துவத்தில் ரெசிடென்ட் ஆக வேண்டும். மூன்று வருஷம் வார்டிலேயே கிடந்து, உருண்டு, படித்து, உடம்பு என்கிற இந்தப் பெரிய மர்மத்தை ஒரு பிடி பிடிக்க வேண்டும். கேட்டால் எல்லோரும், "அறுவை சிகிச்சை, கண், தோல் எதுவும் இல்லாம இது என்ன பொது?" என்கிறார்கள். மாமியார்கூட, "பொதுவா என்ன வைத்தியம் பார்ப்பே?" என்று கேட்டுவிட்டார். அவளுக்கோ அதுதான் பைத்தியம். வயது வரம்பும் நெருங்கிவிட்டது. இதை விட்டால் அடுத்த வருஷம் விண்ணப்பமே போட முடியாது.

மூன்றாம் மாடி வார்டின் வாசலில் ஒரு சீனியர் ரெசிடென்ட் நின்றிருந்தாள். தலைமுடி பென்சிலால் கொண்டை போடப்பட்டிருந்தது. கோட்டுப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே அவள் விதிகளைச் சொன்னாள்.

"கேஸ் ஷீட்டைத் தொடக்கூடாது. என்ன நோய், எத்தனை நாளா, எதுவும் கேக்கக்கூடாது. பேஷண்ட்டும் சொல்ல மாட்டாங்க, சிஸ்டர் எல்லாருக்கும் வாய்ப்பூட்டு போட்டிருக்காங்க. கண்ணு, காது, கை. அவ்வளவுதான். அப்புறம் முதுகு சார் வருவாரு."

"முதுகு சாரா?"

"ஐயோ, சீஃப். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நீங்க சொல்லும்போது அவரு பேஷண்ட்டைப் பார்க்க மாட்டாரு. முதுகைக் காட்டிட்டு ஜன்னலைப் பார்த்து நிப்பாரு. 'நீ சொல்றதை வச்சே எனக்கு ஆளு தெரியணும்'பாரு. எங்களுக்கும் தினம் அதே கதிதான்." சீனியர் கொட்டாவியை விழுங்கினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனால் கண் என்னவோ பளபளவென்றிருந்தது. அந்தக் கருவளையத்தின் மேல்கூடப் பொறாமை வந்தது இவளுக்கு. "உங்களுக்குப் பன்னெண்டாம் நம்பர் பெட். போங்க, போங்க, டைம் ஓடுது."

பன்னிரண்டாம் பெட்டைச் சுற்றித் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாற்பதைத் தாண்டிய ஆள், நல்ல அகலமான தோள், அடர்ந்த மீசை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவளையே மிரள மிரளப் பார்த்தார்.

"பார்க்கலாமாங்க?"

அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். வாய்ப்பூட்டு நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் தள்ளி நின்று பார்த்தாள். எடுத்தவுடன் தொடக்கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஏதோ ஒன்று நெருடியது. அந்த ஆளின் தலை ஆடிக்கொண்டிருந்தது. லேசாக, மிக லேசாக. எதிரில் யாரோ பேசுவதற்கெல்லாம் "ஆமாம், ஆமாம்" என்று ஒத்துக்கொள்வதுபோல. பயத்தில் ஆடுகிறதா? இல்லை. பயத்தின் ஆட்டத்துக்குத் தாளம் கிடையாது. இதற்கு இருந்தது.

கையைப் பிடித்தாள். நாடி விரலை வந்து அறைந்தது. அறைந்த வேகத்தில் காணாமல் போனது. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். இன்னும் பலமாக அறைந்தது. தலையும் அதே தாளத்தில்தான் ஆடுகிறது! அவர் விரல் நகத்தின் நுனியை மெல்ல அழுத்தினாள். வெளுத்த இடமும் சிவந்த இடமும் சேரும் கோடு முன்னே வந்தது, பின்னே போனது, முன்னே வந்தது. நகத்துக்கடியில் ஒரு குட்டிக் கடற்கரையே இருப்பதுபோல. புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் முதுகுத்தண்டில் ஜிவ்வென்று ஏதோ ஏறியது.

அவசரப்படாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. காலை அழுத்திப் பார்த்தாள், வீக்கமில்லை. கடைசியாக, பாயசத்தில் முந்திரியைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பவள்போல, நெஞ்சுக்கு வந்தாள்.

"எழுந்து உக்காருங்க. முன்னாடி சாயுங்க. மூச்சை நல்லா வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க."

ஸ்டெதஸ்கோப்பை நெஞ்செலும்பின் இடதோரம் வைத்துக் கண்ணை மூடினாள். வார்டின் சத்தமெல்லாம் விலகிப் போனது. லப், டப். அந்த டப்புக்குப் பின்னால், சூடான தேநீரை யாரோ ஊதுவதுபோல ஒரு மெல்லிய ஓசை. ஊஊஃப். மறுபடி. ஊஊஃப். இதயத்திலிருந்து மகாதமனிக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு, சரியாக மூடாத வால்வின் வழியே திரும்ப ஒழுகி வருகிற சத்தம். அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அந்த ஆளின் தோளைப் பிடித்துக் குலுக்கிக் கைகொடுக்க வேண்டும்போல இருந்தது. இந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய விஷயம் இது, நாம் ஏன் இப்படிச் சந்தோஷப்படுகிறோம் என்று உடனே வெட்கமும் வந்தது. வெட்கத்தோடு வெட்கமாக இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள்.

அவர் மறுபடியும் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். திரை விலகியது. சீஃப் வந்தார். குட்டையான மனிதர். பின்னால் சீனியரும் நாலைந்து ரெசிடென்ட்டுகளும். வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கம்மா."

சொன்னாள். தலை ஆடுவதில் தொடங்கி, நாடி, நகம், இதய ஓசை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, "மகாதமனி வால்வு ஒழுகுது சார். கொஞ்சமா இல்ல, நிறைய" என்று முடித்தாள்.

சீஃபின் முதுகு அசையவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக்கினார்கள்.

"வயித்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். நார்மல்."

"நார்மல்?" முதுகு ஒருமுறை நிமிர்ந்தது. "காலையில நானே தட்டிப் பார்த்தேன். பானை மாதிரி வயிறு. உள்ள லிட்டர் கணக்குல தண்ணி. உங்களுக்கு நார்மலா தெரியுது?"

சீனியர் சிரிக்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தாள். அது இன்னும் மோசம்.

"நிச்சயமாச் சொல்றீங்களா?" என்றார் சீஃப்.

அதே வார்த்தை. ஒரு வருஷத்தைத் தின்ற வார்த்தை. மாற்றிச் சொல்லிவிடலாம். 'லேசா தண்ணி இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு சார்' என்று ஒரு வரி போதும், எல்லோரும் மூச்சு விடுவார்கள். அது அவள் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் காதுக்குள் அந்த ஊஊஃப் இன்னும் இருந்தது. கேட்டதைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"நிச்சயமா சார். வயித்துல ஒண்ணுமே இல்ல. வால்வுதான்."

அந்தச் சமயம் பார்த்து வெளியே தள்ளுநாற்காலி கிறீச்சிட்டது. கூடவே ஒரு குரல்.

"டேய்! மறுபடியும் என் பெட்டுல ஏறிப் படுத்துட்டியா? சோம்பேறிப் பயலே! நான் ஸ்கேனுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள உனக்குத் தூக்கம் கேக்குதா?"

தள்ளுநாற்காலியில் அதே அகன்ற தோள், அதே மீசை, கொஞ்சம் நரையோடு. மடியில் பானை மாதிரி வயிறு.

கட்டிலில் இருந்தவர் போர்வையை உதறிவிட்டுக் குதித்து இறங்கினார். "இல்லண்ணா... சிஸ்டர் காலையில இருந்து ரெண்டு வாட்டி திட்டி எழுப்பி விட்டாங்க. திடீர்னு இந்த டாக்டரம்மா வந்தாங்களா, மறுபடியும் திட்டுவாங்களோன்னு பயந்துபோய்..."

"பயந்துபோய்?"

"பேஷண்ட் மாதிரி படுத்துட்டேன்."

வார்டே சிரித்தது. பதினோராம் பெட்டுத் தாத்தா டிரிப் ஏறுகிற கையாலேயே தொடையைத் தட்டிச் சிரித்தார். அவளுக்கோ தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. தேர்வில் தோற்பவர்கள் உண்டு. தப்பான ஆளைப் பரிசோதித்துத் தோற்றவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சீஃப் இப்போது திரும்பியிருந்தார். சிரிக்கவில்லை.

"இங்க படுத்திருக்கிற எல்லார் மணிக்கட்டுலயும் பேர் எழுதின பட்டை இருக்கும். இவர் கையை எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தீங்க?"

"ரொம்ப நேரம் சார்."

"பிடிச்சீங்க. பார்க்கலை. நோயைக் கேக்கக்கூடாதுன்னுதான் சொன்னோம். பேரைக் கேக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே? நாளைக்கு இவருக்குப் போட வேண்டிய ஊசியை அவருக்குப் போட்டா?"

சீஃப் சீனியர் பக்கம் திரும்பினார். "பேஷண்ட் ஸ்கேனுக்குப் போனது உனக்கும் தெரியாது. நல்லா இருக்கு." சீனியர் பிஸ்கட் பைக்குள் கையை ஒளித்துக்கொண்டாள்.

இவள் குனிந்து ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினாள். அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். ஆனால் கால் நகரவில்லை.

"சார், நான் பண்ணினது தப்புதான்," என்றாள். "ஆனா அந்தச் சத்தம் நெசம் சார். நீங்க ஒரு தடவை கேட்டுட்டா போதும். அப்புறம் நான் போயிடறேன்."

சீஃப் அவளைப் பார்த்தார். பிறகு, ஓரமாக நின்றுகொண்டிருந்த அந்தத் தம்பியை. அவர் தலையை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அருகில் போய்க் கையைப் பிடித்தார், தலைக்கு மேலே தூக்கினார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வார்டில் சிரிப்பு ஒவ்வொரு கட்டிலாக அணைந்தது.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"வீடு மாத்துற வேலைங்க. பீரோ, ஃபிரிட்ஜ் தூக்குவோம்."

"மாடி ஏறினா?"

"முன்னெல்லாம் ஒரே தம்முல ஏறிடுவேன். இப்ப நடுவுல நின்னு நின்னுதான். ராத்திரி படுத்தா நெஞ்சு தடதடங்கும். வயசாவுதுல்லங்க?" அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "அண்ணன்கிட்ட சொன்னா சோம்பேறித்தனம்னு திட்டும்."

அண்ணன் தன் பெரிய வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தம்பியின் கழுத்தைப் பார்த்தார். அங்கே நரம்பு துள்ளிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகப் பார்க்கிற கழுத்தோ.

"ஏன்டா... தூங்குறே தூங்குறேன்னு திட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீதான் ஏற்கெனவே படுத்துட்டியேண்ணா. ரெண்டு பேரும் படுத்தா யாரு பார்க்கறது?"

சீஃப் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "எல்லாரும் வந்து கேளுங்க," என்றார் ரெசிடென்ட்டுகளிடம். "இவ்வளவு நல்லா எப்பவாவதுதான் கேக்கும். அவர்கிட்ட கேட்டுட்டு, அப்புறம் தொடுங்க. பேரையும் கேளுங்க." பிறகு அவளிடம் திரும்பினார். "யாருன்னு பார்க்காததுக்கு உங்க மார்க்குல பாதி போச்சு. மீதிப் பாதியைப் பத்தி நான் யோசிக்கணும்."

"சரி சார்."

"யோசிக்கற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. கீழ எக்கோ ரூம். இவரை நீங்களே கூட்டிட்டுப் போங்க. இதயத்தோட படத்தை நீங்களே பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லணும்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் எதை மறைக்கத் திரும்பினார் என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சீனியர் தள்ளுநாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துக் காதோடு கிசுகிசுத்தாள். "தேர்வுக்கு வந்த யாரையும் அவர் இதுவரைக்கும் வேலை வாங்கினதில்ல." பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"வண்டியெல்லாம் எதுக்கு டாக்டரம்மா? பீரோவையே தூக்கிட்டு மாடி ஏறுற ஆளு நான்."

"இன்னைக்கு நீங்கதான் பீரோ. உக்காருங்க. உங்க பேர் என்ன?"

சொன்னார். இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

லிஃப்ட் கதவு மூடியது. உள்ளே எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. லிஃப்ட் லேட்டானால் ஜனங்கள் தங்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே அதை மறந்துவிடுவார்கள், அதற்குத்தான் கண்ணாடி என்று கணவன் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணாடியில், நடுவில் ஊக்குக் குத்திய கோட்டோடு அவள் நின்றிருந்தாள். முன்னால், நாற்காலியில், கைகளைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அவர்.

"என்னால உங்களுக்குப் பாதி மார்க் போயிடுச்சு," என்றார் அவர்.

"உங்களாலதான் மீதிப் பாதி இருக்கு."

"இதைச் சரி பண்ணிடலாமா டாக்டரம்மா?"

"பண்ணலாம். வழி இருக்கு. படத்தைப் பார்த்துட்டு எல்லாத்தையும் உக்காந்து பேசலாம்."

அவர் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார். "உங்களுக்கு இங்க இடம் கிடைச்சிடுமாம்மா?"

லிஃப்ட் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவர் தலை, அவருக்கே தெரியாமல், ஆடிக்கொண்டிருந்தது: ஆமாம், ஆமாம், ஆமாம். அந்தத் தாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், இரண்டாம் மாடி தாண்டும்போதுதான் கவனித்தாள். பின்னால், ஊக்குக்கு மேலே, அவளுடைய தலையும் கூடவே ஆடிக்கொண்டிருந்தது.