ஒரு வாளி வெள்ளை

மெக்சிகோ எல்லை வேலியைப் பார்த்தபடி, அமெரிக்கப் பக்கம் இருக்கும் அந்த நோகாலெஸ் ஊர்த் தெருவில் எல்லா வீடுகளும் சோகை பிடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. ஒலாயா மட்டும் தன் வீட்டுக்குப் பளீரென்று மாம்பழ மஞ்சள் அடித்தாள். மறுநாளே பக்கத்து வீட்டு வெர்னன் ஒரு வாளி வெள்ளைப் பெயிண்டோடு வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இங்க எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தான் அழகு. பெயிண்ட் என் செலவு."

"அவ்வளவு கண்ணு கூசுதா சார்?"

"மெக்சிகோவுல இதெல்லாம் சரிம்மா. இது அமெரிக்கா."

"நான் பொறந்ததே இந்தத் தெருவுலதான். நீங்கதான் போன வருஷம் குடி வந்தீங்க."

சொல்லிவிட்டு, வாளியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்ட முகத்தோடு வெர்னன் திரும்பிப் போனார்.

சாயங்காலம் அவர் எட்டிப் பார்த்தபோது, சுவர் மஞ்சளாகவே ஜொலித்தது. ஒலாயா வீட்டு எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள்தான் இடுப்புவரை வெள்ளை பூசி நின்றன. பூச்சி ஏறாமலிருக்க அவள் வீட்டில் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். இந்த வருஷம் சுண்ணாம்புச் செலவு மிச்சம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில், எல்லைக்கோட்டிலேயே ஒரு பெரிய மரம் நின்றது. அதில் தன் பக்கத்துப் பாதியை மட்டும் நேர்கோடு பிடித்தாற்போல அடித்து முடித்தவள், மிச்சப் பெயிண்டையும் பிரஷ்ஷையும் அவர் கையில் திணித்தாள்.

"உங்க பக்கம் மொட்டையா நிக்குது சார். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தானே அழகு? அடிங்க."