மறுகா முறை

விரிவுரையாளர் நியமனம் கிடைத்த கிழமையே மதுரன் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக் கடையொன்றில் முழுக்கைச் சட்டைகள் வாங்கினான். ஒரு குரலையும் அந்தக் கிழமைதான் தேடிக்கொண்டான். அது கடையில் கிடைக்காத சாமான், அங்கங்கே பொறுக்கிச் சேர்த்தது. அடித்தொண்டைக் கனம் துறைத் தலைவர் பேராசிரியர் யோகராசாவுடையது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பது யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரரிடம் எடுத்தது. "என்பதை நாம் மறந்துவிடலாகாது" என்று முடிப்பது மட்டும் சொந்தச் சரக்கு.

உண்மையில் அது கொக்கட்டிச்சோலையில் வளர்ந்த வாய். வீட்டுக்குப் போனால் "மறுகா, என்னம்மா கறி?" என்றுதான் திறக்கும். மற்ற ஊர்க்காரர் 'பிறகு' என்று சொல்லும் இடத்தில் மட்டக்களப்பு ஆட்களுக்கு 'மறுகா'தான் வரும். கதை தொடங்கவும் அதுதான், தொடரவும் அதுதான், பேச ஒன்றும் இல்லாதபோது வாய் சும்மா இருக்காமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். ஆனால் கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல மதுரன் அந்தச் சொல்லை விரிவுரை மண்டப வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். உள்ளே எல்லாம் 'அதன் பிற்பாடு', 'ஆகவே'. மாணவர்கள் அவனுக்கு 'ஆகவே சேர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவன் காதுக்கும் வந்தது. அதையும் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

புதிய விரிவுரையாளர்கள் எல்லாரும் கற்பித்தல் பயிற்சிநெறி ஒன்றை முடிக்கவேண்டும். அதில் சித்தியடைந்தால்தான் வேலை நிரந்தரம். பயிற்சியாளர் பேராசிரியர் சுலோஜனா. கொழும்பில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் படித்து, கற்பித்தலைப் பற்றிக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர். மதுரனின் விரிவுரையை முதல் தடவை பார்த்துவிட்டு அவர் எழுதிக் கொடுத்த கருத்து சின்னதுதான்: "பொருளியல் பற்றிய அறிவு நன்று. மண்டபத்தில் மாணவர்கள் இருந்ததை விரிவுரையாளர் கவனித்ததாகத் தெரியவில்லை."

இரண்டாவது தடவையும் இப்படிப் போனால் வேலை போகும். அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிற வேலை.

"ஐசே மதுரன், பிழை உங்கட பாடத்தில இல்ல," என்றாள் பட்ரிசியா. ஆங்கிலப் பிரிவுக்கு அவனோடு சேர்ந்து வந்தவள். போர்த்துக்கீசர் வழிவந்த புளியந்தீவுப் பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை. "நீங்க கதைக்கிறது வானொலியில மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி இரிக்கு. பிள்ளையள் எழும்பி நிக்கிறதா இரிக்கிறதா எண்டு தெரியாம முழிக்குதுகள்."

"விரிவுரை எண்டா ஒரு கனதி வேணும்," என்றான் மதுரன்.

"கனதி கூடித்தான் தாழுது."

இரண்டாவது தடவை சுலோஜனா பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். அன்றைய பாடம் நிரம்பலின் நெகிழ்ச்சி. விலை மாறும்போது சந்தைக்கு வரும் பொருள் எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற கணக்கு. பாடநூலில் இருந்தபடியே மதுரன் அப்பிள் தோட்டத்தை உதாரணம் காட்டினான். அப்பிள் மரத்தை அந்த மண்டபத்தில் யாரும் கண்டதில்லை, அவனும் உட்பட.

பிறகு, பயிற்சிநெறியில் சொல்லித் தந்தபடி கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். "உடன் பழுதடையும் பொருளொன்றின் நிரம்பல் திடீரென அதிகரிப்பின் யாது நிகழும்?"

மின்விசிறி சுற்றியது. ஒருவன் பேனையைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். மதுரனின் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியது. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, முன்வரிசையில் இருந்த கஜானி வாயைத் திறந்தாள். மாங்கேணிப் பிள்ளை, தகப்பன் கடற்றொழில்.

"சேர், எங்கட பக்கம் சில நாளைக்குச் சூடை மீன் அள்ளு கொள்ளையாப் படும். அண்டைக்கு யாவாரி வந்து..." என்று தொடங்கியவள், பல்கலைக்கழகத்தில் சூடை மீனைப் பற்றிக் கதைக்கலாமோ என்று சந்தேகப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

"மறுகா?" என்றான் மதுரன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. மண்டபமும் நிமிர்ந்தது.

"மறுகா என்ன சேர்," என்றாள் கஜானி. வீட்டுக் குசினியில் நிற்பதுபோல் அவளுடைய குரல் இளகியிருந்தது. "யாவாரி சொல்றதுதான் விலை. ஐஸ் போட்டு வெக்க ஏலுமானவன் வெச்சிரிப்பான். ஏலாதவன் வந்த விலைக்குக் குடுத்துப்போட்டுப் போவான்."

"மறுகா?"

"அண்டைக்கெண்டு பார்த்து ஐஸும் விலை கூடும் சேர்," என்று பின்னாலிருந்து ஸியாம் சேர்ந்துகொண்டான். ஏறாவூர்ப் பெடியன். "எங்கட சாச்சா, வாப்பாட தம்பி, ஐஸ்தான் செஞ்சி விக்கிறாரு. மீன் மலிஞ்சாத்தான் அவருக்குப் பெருநாள்."

"அதுக்குத்தான் நாங்க கருவாடு போடுறம்," என்றாள் கஜானி, திரும்பிப் பார்த்து.

"கருவாட்டுக்கும் உப்பு வாங்கத்தானே வேணும்."

அதற்கு மேல் மதுரன் செய்ததெல்லாம் இடையிடையே அந்த ஒரு சொல்லைப் போட்டதும், அவர்கள் சொன்னதைக் கரும்பலகையில் வளைகோடாக வரைந்ததும்தான். நேரம் முடிந்தபோது தன் குரலை எங்கேயோ தொலைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. வேலையும் போச்சு என்றுதான் நினைத்தான்.

சுலோஜனா பின்வரிசையிலிருந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. "மதுரன், நீங்கள் பாவித்தீர்களே, அந்த மருகா. அது எந்தக் கோட்பாட்டு மரபைச் சேர்ந்தது?" றகரம் அவர் வாயில் ரகரமாகியிருந்தது.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் கழன்று போன குரல் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்தது. "அது... சுதேச மரபு, மெடம்."

"நினைத்தேன்," என்றார் சுலோஜனா. "பயிற்சிநெறியின் நிறைவுக் கருத்தரங்கில் இதை நீங்கள் சமர்ப்பிக்க வேண்டும். அதோடு சேர்த்தே உங்கள் புள்ளியைப் போடுகிறேன்."

பட்ரிசியா கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது. "ஐசே, இது நல்லாயிரிக்கு. அடுத்த கருத்தரங்குக்கு நான் 'ஓமோம் அணுகுமுறை' கொண்டுவாறன்."

"சிரிக்காதீங்க. உண்மையைச் சொன்னா வேலை போயிரும்."

"சொல்லாட்டி?"

மதுரன் போய்த் திரையில் காட்டப் படவில்லைகள் தயாரித்தான். தலைப்பு: 'மறுகா: தொடர்விசாரணைக் கற்பித்தலுக்கான சுதேசச் சட்டகம்'. அம்புக்குறிகள் சுற்றி ஓடும் வட்டம் ஒன்றையும் வரைந்தான். வட்டமும் அம்புக்குறியும் இல்லாத ஒன்றைக் கோட்பாடு என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

கருத்தரங்கில் பீடமே கூடியிருந்தது. அரைவாசிப் பேர் மட்டக்களப்பு ஆட்கள். பிறந்தது தொட்டு மறுகா சொன்னவர்கள். மதுரன் வட்டத்தைக் காட்டும்போது யாராவது சிரித்துவிடுவார்கள் என்று பயந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல் தெரியும் என்று ஒத்துக்கொண்டால், தாங்களும் அதைச் சொல்லுகிற ஆட்கள்தான் என்பது வெளியே வந்துவிடுமே. எல்லாரும் முகத்தை இறுக்கிக்கொண்டு குறிப்பெடுத்தார்கள்.

பேராசிரியர் யோகராசா எழுந்தார். காலையில்தான் நடைபாதையில் நின்று தொலைபேசியில், "மறுகா, கரண்ட் பில் கட்டினயா புள்ள?" என்று மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தவர். இப்போது அடித்தொண்டையில் கேட்டார்: "இச்சொல்லின் கருத்தியல் எல்லைகளை வரையறுக்க இயலுமா?"

மதுரன் வரையறுத்தான். சொன்னது அவனுக்கே விளங்கவில்லை. யோகராசா திருப்தியோடு உட்கார்ந்தார்.

அடுத்து சுலோஜனா எழுந்து, வரும் ஆண்டிலிருந்து புதிய விரிவுரையாளர் எல்லாருக்கும் மறுகா முறை பயிற்றப்படும் என்றார். கண்காணிப்பின்போது, ஒரு விரிவுரையில் அது போதிய தடவை பாவிக்கப்பட்டதா என்று பார்த்துப் புள்ளியும் போடப்படும்.

மதுரனுக்கு அந்தக் காட்சி கண்முன் வந்தது. முழுக்கைச் சட்டை போட்ட புதியவர்கள் வரிசையாக நின்று, ஜன்னலைப் பார்த்தபடி, கனத்த தொண்டையில் மறுகா, மறுகா என்கிறார்கள். கஜானி வாயை மூடிக்கொண்டு குனிந்து எழுதுகிறாள்.

"மெடம், இது முறை இல்ல," என்றான்.

"என்ன?"

"இது எங்கட வாய்ப் பேச்சு. பிறகு எண்டு அர்த்தம். அந்தப் பிள்ளை மீன் கதையைப் பாதியில நிப்பாட்டிட்டா. மிச்சம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுகொள்ள ஆசையா இரிந்திச்சு, கேட்டன். அவ்வளவுதான்."

"அப்படியென்றால் அந்த வட்டம்?"

"வட்டம் நான் வேலைக்குப் பயந்து போட்டது."

சுலோஜனா சபையைப் பார்த்தார். "இங்கே இருக்கிற உங்களுக்கும் இந்தச் சொல் தெரியுமா?"

சபை கூரையை ஆராய்ந்தது. யோகராசா தொண்டையைச் செருமினார். "கேள்விப்பட்ட ஞாபகம்," என்றார்.

"எனக்கு நல்லாத் தெரியும் மெடம்," என்றாள் பட்ரிசியா. "எங்கட வீட்டுப் பூனைக்கும் தெரியும்."

அன்று பின்னேரம் சுலோஜனா மதுரனைக் கூப்பிட்டார். கோபம் இருந்தது, ஆனால் அது தன்மேலா அவன்மேலா என்று அவருக்கே முடிவாகவில்லை. "சமர்ப்பணத்துக்குப் பூச்சியம்," என்றார். "ஆனால் அந்த வகுப்பில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் போட்ட புள்ளியை வெட்ட முடியாது. கூட்டிப் பார்த்தால் மயிரிழையில் சித்தி." அவன் கதவைத் தாண்டப் போகும்போது மெதுவாகக் கேட்டார். "சரி, அந்த மீன்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு ஐஸ் அறை கட்டினால் என்ன?"

"தெரியாது மெடம். கேட்டுச் சொல்லுறன்."

அடுத்த வகுப்பில் நிலைமை மோசமாக இருந்தது. செய்தி பரவி, மாணவர்கள் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க அவனுக்கு அது வரவே மாட்டேன் என்றது. பழைய குரலைத் தேடினான். அதுவும் இல்லை. கடைசியில் சட்டைக் கையை மடித்துவிட்டு, மேசை விளிம்பில் உட்கார்ந்து, தெரியாததைக் கேட்டான். "ஐஸ் அறையில மீனை எத்தினை நாள் வெக்கலாம்? கரண்டுக்கு எவ்வளவு போகும்?"

கஜானிக்கும் தெரியவில்லை. எல்லாரும் ஸியாமைப் பார்த்தார்கள்.

"சாச்சாட்டத்தான் கேக்கோணும் சேர்."

"எடுங்க."

ஸியாம் தயங்கித் தயங்கித் தொலைபேசியை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தான்.

"என்னடா, இந்த நேரத்தில?" என்றது சாச்சாவின் குரல், இயந்திர இரைச்சலுக்கு மேலால். "நீ வகுப்பில இல்லையா?"

"வகுப்பிலதான் சாச்சா. ஐஸ் அறைக்குக் கரண்டு எவ்வளவு போகும் எண்டு எங்கட சேர் கேக்காரு."

"சேருக்குத் தெரியாதா?"

ஸியாம் மதுரனைப் பார்த்தான். மதுரன் தலையை ஆட்டினான்.

"தெரியாதாம்," என்றான் ஸியாம்.

"அப்ப நீ தள்ளு. போனை அந்த மனிசன்ட குடு," என்றார் சாச்சா. மதுரன் சோக்குத் துண்டை எடுத்துக்கொண்டு மேசைக்குக் குனிந்தான்.