அசார்ட்டட் பேக்கிங்

கருப்புசாமி அந்தக் காரியத்தை அழகாகச் செய்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதுதான் வினையே. வழக்கம்போல அரைகுறையாகச் செய்திருந்தால் பாதிப் பூச்சியாவது பிழைத்திருக்கும். செத்த பூச்சி எவ்வளவு பிழைக்குமோ அவ்வளவு.

வேலம்பாளையத்தில் அவனுடைய அக்கா வீட்டுக்காரர் ஆறுச்சாமி நடத்தும் பனியன் கம்பெனியில் அவன் பேக்கிங் இன்சார்ஜ். கல்யாணம் ஆகாதவன். பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு வருவான். சிரித்து முடித்ததும் அவர்கள் வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். கம்பெனியில் ஜேசிபி கூட்டி வருவது, ஈபி ஆபீசுக்கு நடப்பது, பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பது என்று யாரும் செய்ய விரும்பாத வேலையெல்லாம் அவன் தலையில்தான் விடியும்.

ஆறுச்சாமியின் மகள் நித்யஸ்ரீ கோயமுத்தூரில் பட்டாம்பூச்சி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வண்ண வண்ணமாகப் பறக்கும் பூச்சியாக இருந்தாலாவது சொந்தக்காரர்களிடம் பெருமை பேசலாம். இவள் பிடித்ததோ காய்ந்த இலை நிறத்தில் ஒன்று. முழங்காலுக்கு மேல் எழும்பவே சோம்பல்படும். அந்தச் சோம்பல்தான் தனக்கு வேண்டியது என்று கருப்புசாமிக்கு ஒருமுறை விளக்கினாள். தூரம் பறக்காத பூச்சி பிறந்த புதரை விட்டு நகராது. மலையடிவாரத்தில் புதருக்குப் புதர் தொடர்பு இருப்பதால் ரத்தம் கலந்துகொண்டே இருக்கும். ஊருக்குள் வர வர, ரோடும் கம்பெனியும் குறுக்கே வந்து, புதர் தனித்தீவாகிவிடும். உள்ளே இருப்பவை தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டு தலைமுறைக்குத் தலைமுறை ஒரே அச்சாகிவிடும். அப்புறம் ஒரு நோயோ ஒரு கடும் வெயிலோ போதும், மொத்தமும் காலி. மலையிலிருந்து ஊர்வரை இந்த ரத்தம் எப்படி மெலிகிறது என்பதுதான் அவள் படிப்பு.

கேட்டுக்கொண்டிருந்த ஆறுச்சாமி சிரித்தார். "நம்ம சனமும் அப்புடித்தான கண்ணு, சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கறோம். என்ன கெட்டுப்போச்சு?"

அவர் சும்மா சொல்லவில்லை. தன் தங்கை மகன் கவினுக்கு நித்யஸ்ரீயைக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். மகள் மாட்டேன் என்றதும் வியாபாரிக்கே உரிய நியாயத்தோடு ஒரு தேதி போட்டார். அதற்குள் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி லேபில் வேலை வாங்கிவிட்டால் அவள் போகலாம். இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம். லேபும் வேலை தரத் தயாராகத்தான் இருந்தது. பூச்சிகள் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

பூச்சிகள் மூன்று அட்டைப் பெட்டிகளில் இருந்தன. மடத்துக்குளத்துக்குத் தெற்கே மலையோரம் பிடித்தவை ஒன்றில், நொய்யல் கரையில் பிடித்தவை ஒன்றில், கம்பெனிக்குப் பின்னாலிருந்த புதரில் பிடித்தவை ஒன்றில். ஒவ்வொரு பூச்சியும் கடலை மடிப்பதுபோல மடித்த செய்தித்தாளுக்குள் கிடந்தது. தாளின் மேல் பென்சில் கிறுக்கல். கூரியருக்கு நன்றாக பேக் பண்ணி வைக்கச் சொல்லிவிட்டு, புரொபசரைப் பார்க்க நித்யஸ்ரீ கோயமுத்தூர் போனாள்.

கருப்புசாமிக்கு அந்தக் கடலைப் பொட்டலங்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நம் கம்பெனியிலிருந்து சரக்கு இந்த லட்சணத்திலா பெங்களூர் போவது? சட்டைக்கு உபரிப் பட்டன் போடுகிற சின்ன பிளாஸ்டிக் கவர்களை எடுத்தான். பேக்கிங்கில் இரண்டு வகை. ஒரே சைஸை ஒரு பெட்டியில் போட்டால் சாலிட். எல்லா சைஸும் கலந்து போட்டால் அசார்ட்டட். இத்தனை வருடத்தில் சரக்கு வாங்கும் எந்த பையரும் சாலிட் கேட்டு அவன் பார்த்ததில்லை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் எல்லாம் இருக்க வேண்டும் என்பார்கள். எனவே ஒரு கவருக்கு ஊருக்கு ஒன்றாக மூன்று பூச்சி போட்டான். ஒரு இறக்கைகூட ஒடியவில்லை. கவருக்குக் கவர் கம்பெனி ஸ்டிக்கரும் ஒட்டினான். செய்தித்தாள்கள் கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் போயின. மூட்டை மதியமே வேஸ்ட் வியாபாரியின் வண்டியில் போயிற்று.

சாயங்காலம் திரும்பிய நித்யஸ்ரீ ஒரு கவரை எடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். பேக்கிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எது எந்த ஊர்ப் பூச்சி என்று குறித்திருந்த தாள்கள் எங்கே என்று மட்டும் கேட்டாள். சொன்னான்.

"ஏன் கண்ணு, டெஸ்ட் பண்ணி எந்த ஊருன்னு கண்டுபுடிக்கறதுதான உன்ற படிப்பு?"

"இது இந்த ஊருன்னு மொதல்ல தெரிஞ்சாத்தானுங்க மாமா, அந்த ஊரு ரத்தம் எப்படின்னு சொல்ல முடியும்." கவரைத் திரும்ப வைத்தாள். "பரவாயில்லீங்க மாமா."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவன் கொஞ்ச நாள் உயிர் வாழ்ந்தான்.

ஆறுச்சாமி அவனைத் திட்டவே இல்லை. அதுதான் கொடுமை. வந்தவர் போனவரிடமெல்லாம் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தீபாவளி போனஸை மற்றவர்களைவிடக் கனமாகக் கொடுத்து, தோளைத் தட்டினார். "நாலு வருசமா என்னால முடியாதத ஒரே மத்தியானத்துல முடிச்சுட்ட மாப்ள." கவினும் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனான். அக்கா, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருப்புசாமி புரொபசருக்குப் போன் போட்டான், பார்க்கலாம் என்றார். எதைப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத கம்பெனியில், கவர்களையெல்லாம் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பிரித்தான். ஒரே நிறத் துணியில் இரண்டு சாயத் தொட்டி கலந்திருந்தால் அவன் கண் அரை நொடியில் பிடித்துவிடும். பூச்சி மட்டும் என்ன? வெளிறியது ஒரு பக்கம், கருத்தது ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம். மூன்று குவியல், மூன்று ஊர். கழுத்து பிடித்துக்கொண்டாலும் மனசு லேசாகிவிட்டது. கொண்டுபோய் நித்யஸ்ரீயிடம் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். அவள் சொன்ன விதம் அவனுக்குப் போதவில்லை. மறுநாளும் கேட்டான், சரியாகிவிடும்தானே என்று. அதற்கு மறுநாளும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் பரவாயில்லை என்றாள்.

கார்த்திகைக் கடைசியில், மடத்துக்குளத்தில் இருக்கும் அவளுடைய இன்னொரு அத்தை வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க அவளை அவன்தான் காரில் கூட்டிப்போனான். ஊருக்கு முன்னால் ஒரு வாய்க்கால் ஓரப் புல்லில், அந்தக் காய்ந்த இலைப் பூச்சிகள் இரண்டு மூன்று தத்திக்கொண்டிருந்தன. வண்டியை ஓரங்கட்டினான். டிக்கியில் அவளுடைய வலையைப் போட்டு வைத்திருந்தான்.

"எறங்கு கண்ணு. திரும்பவும் புடிச்சரலாம். நொய்யலுக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் இறங்கவில்லை.

"கம்பெனிக்குப் பின்னால இருந்ததை எங்க போயிப் புடிப்பீங்க மாமா? அந்தப் புதர்ல இப்ப குடோன் நிக்குது. ஜேசிபி கூட்டிட்டு வந்ததும் நீங்கதான்."

அவனுக்கு அது இவ்வளவு நாள் தோன்றவே இல்லை. பூசணிக்காய்கூட அவன்தான் உடைத்தான்.

"அப்ப நான் பிரிச்சு வெச்சது?"

"அது மழைக்கு ஒரு நெறம், வெயிலுக்கு ஒரு நெறம் மாறுமுங்க. ஊருக்கும் நெறத்துக்கும் சம்பந்தமில்ல."

"பரவாயில்லீன்னு சொன்னியே சாமி."

நித்யஸ்ரீ அவன் பக்கம் திரும்பினாள். கல்யாணம் நிச்சயமான பிறகு அவள் அவனை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அப்புடிச் சொன்னா நீங்க போயிருவீங்கன்னு சொன்னனுங்க. நீங்க போகல. தெனமும் வந்து கேக்கறீங்க. எனக்காகக் கேக்கலீங்க மாமா, உங்களுக்குத் தூக்கம் வரோணும்னு கேக்கறீங்க. சரியாகாதுங்க. எம்பட வேலை போச்சு, நான் கவினக் கட்டிக்கத்தான் போறேன், அதுக்கு நீங்கதான் காரணம். பாசத்துலதான் பண்ணுனீங்க, எனக்குத் தெரியும். ஆனா, பரவாயில்லீன்னு இனிமே நான் சொல்ல மாட்டனுங்க. வண்டிய எடுங்க, அத்தை சோறாக்கி வெச்சுட்டுக் காத்திருப்பாங்க."