நாலு பேர் உட்காரும் அறை

ரத்தினசாமி தன் மனைவியை உட்கார வைத்தே கெடுத்தார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பிரியத்தில் செய்ததுதான்.

பாண்டிச்செல்வி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் சரவெடி பின்னுகிறவள். 2005 தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூட்டினார்கள்; பொங்கல் கழித்துத்தான் திறப்பு. வேலை நின்றதும் முட்டி வலி ஆரம்பித்தது. கார்த்திகைக் குளிரில், கட்டிலை விட்டு இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"தேய்மானந்தான், பயப்படாதீங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "ஆனா குளிருதுன்னு முடங்கிக் கிடந்தா முட்டி இறுகிப்போகும். வெயில் வந்ததும் அரை மணி நேரம் நடங்க. நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி மடக்குங்க. நாளைக்கே ஆரம்பிச்சிருங்க."

அந்த 'நாளைக்கே'தான் ரத்தினசாமிக்கு இடித்தது. அவர் தினசரி காலண்டர் அச்சாகும் பிரஸ்ஸில் தாள் அடுக்குகிறவர். ஊருக்கே நல்ல நாளும் கெட்ட நாளும் தன் கைவழியாகப் போவதால், தன்னைப் பாதி ஜோசியராகவே நினைத்திருந்தார். நாளை மார்கழி ஒன்று.

"மார்கழியில யாராச்சும் புதுசா ஒண்ண ஆரம்பிப்பாகளா? தை ஒண்ணாந்தேதி நல்ல நேரம் பார்த்து நடையை ஆரம்பிப்போம்."

"நடக்கிறதுக்கு என்னங்க நல்ல நேரம்? நான் என்ன கல்யாணமா கட்டப்போறேன்?"

"சொன்னாக் கேளு பிள்ள. ஒரு மாசந்தானே."

அந்த ஒரு மாசமும் அவளைக் கட்டிலை விட்டு அசைய விடவில்லை. தண்ணீர் பிடித்தார், துணி துவைத்தார், சோறு வடித்தார், வாசலில் கோலம்கூடப் போட்டார்.

"என்னண்ணே, மதினிய அடை வச்சிருக்கீகளா?" என்று எதிர்வீட்டு அய்யம்மாள் கேட்டாள். "அது கோலமா, கோழி நடந்த தடமா?"

அவர் பெருமையாகச் சிரித்துக்கொண்டார்.

தை ஒன்றாந்தேதி குறித்த நேரத்தில் நடை தொடங்கி, தண்ணீர்த் தொட்டி வரை போய் நின்றுவிட்டது. முட்டி மடங்க மறுத்தது. "முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் ரத்தினசாமி.

தை ஐந்தில் கம்பெனி திறந்தது. மனைவியைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனார். சரம் பின்னும் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம், அது சட்டம். அவளுடைய கூட்டாளிகள் மூவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். போர்மேன் காசிராஜன் அவள் நடந்து வந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி, உட்காருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்ப எந்திரிங்க."

தரையில் கை ஊன்றினாள். திரும்பினாள். கதவு நிலையைப் பிடித்தாள். வெளியே நின்ற ரத்தினசாமி, தாள் எண்ணிய பழக்கத்தில், தன்னை அறியாமல் எண்ணினார். பத்தொன்பதில்தான் அவள் நிமிர்ந்தாள்.

காசிராஜன் அவரைத் தனியே அழைத்தார். "தப்பா நினைக்காதீக. இங்கன ஒண்ணுன்னா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வெளிய ஓடணும். மதினி விழுந்தா, பின்னால வர்ற மூணு பேரும் அவுக மேலதான் விழணும்."

"ஒரு மாசம் பொறுத்துக்கங்களேன்."

"ஆர்டர் வந்து கிடக்கு. நாலாவது ஆளை இன்னைக்கே போடணும்."

திரும்பும் வழியில் பாண்டிச்செல்வி, "டாக்டரம்மா சொன்ன அன்னைக்கே நடந்திருந்தா…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது சைக்கிள் மிதிக்க லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் அஷ்டமியா நவமியா என்று இருவருமே பார்க்கவில்லை. வெயில் ஏறியதும் நடந்தார்கள். அவள் காலை நீட்டி மடக்க, அவர் எண்ணினார். பங்குனியில் ஒரு நாள் அவளால் தரையிலிருந்து மூன்று எண்ணுவதற்குள் எழ முடிந்தது. அன்றே காசிராஜனிடம் ஓடினார்.

"ரொம்ப சந்தோசம்" என்றார் காசிராஜன். "ஆனா நாலு பேரும் இருக்காகளே. யாராச்சும் வேலையை விட்டு நின்னா சொல்லி விடுறேன்."

யாராவது நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ரத்தினசாமி தினமும் டீக்கடையில் நின்று, கம்பெனி வேனுக்கு வரும் பெண்களின் கால்களையே பார்த்தார். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, அது வேறு விஷயம்.

ஒரு நாள், பாண்டிச்செல்வியின் இடத்துக்கு வந்திருந்த சின்னத்தாய், வேனில் ஏறும்போது முட்டியில் கை வைத்து அழுத்தினாள். ரத்தினசாமிக்கு நெஞ்சுக்குள் குப்பென்று ஒரு சந்தோஷம். உடனே டீ தொண்டையில் கசந்தது. அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இருக்காது.

'இன்னைக்கே நடக்க ஆரம்பிச்சிரு தாயி' என்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று அவர் யோசித்த அந்த ஒரு நொடியில் வேன் கிளம்பிவிட்டது.